கோடிக்குக் கணக்கு இருக்கிறது, காலத்துக்கு?

ஆயிரம் ரூபாய்க்கு ஆம்பூரில் என்ன கிடைக்கும்? நாலைந்து பேர் திருப்தியாகப் பிரியாணி சாப்பிடலாம். ஏற்றுமதியில் கழித்துப்போட்ட ஷூ ஒரு ஜோடியைப் பேரம்பேசி எடுக்கலாம். டெல்லியில், ரயில்வே அமைச்சகத்தின் கணக்குப் புத்தகத்திலோ அதே ஆயிரம் ரூபாயில் 71 கிலோமீட்டர் ரயில் பாதை ஒன்றை ஓராண்டுக்குச் சாகாமல் வைத்திருக்கலாம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை, அத்திப்பட்டு–புத்தூர், ஈரோடு–பழனி என்று தமிழ்நாட்டில் அறிவித்த புதிய பாதைகள் பலவற்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நிதிநிலை அறிக்கைகளில் விழுந்த தொகை ஆளுக்கு ஆயிரம் ரூபாய்தான். ‘பிங்க் புக்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தப் புத்தகத்தில் தொகைகளை ஆயிரங்களில்தான் போடுவார்கள். அதில் எழுத முடிந்த ஆகச் சிறிய எண் 1. பூஜ்யம் போட்டால் திட்டம் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். 1 போட்டால் திட்டம் நடப்பில் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து கேட்டால், ‘திட்டம் கைவிடப்படவில்லை’ என்று பதில் சொல்லலாம். பதிலில் பொய்யும் இருக்காது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் கடந்த இருபது ஆண்டுகளில் போக்குவரத்துக்கென்று பேசப்படாத திட்டம் இல்லை. ரயில் பாதை, ஆறுவழிச் சாலை, விரைவுச் சாலை, பேருந்து நிலையம், விமான நிலையம் என எல்லாவற்றுக்கும் அடிக்கல் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு கோடிக்கணக்கு உண்டு. அந்தக் கோடிகளைத் தணிக்கை செய்யவும் ஆள் உண்டு. கடந்துபோகும் வருடங்களுக்குக் கணக்கு கேட்கத்தான் யாரையும் காணோம்.

செருப்பு ஆலை வந்தது, ரயில் வரவில்லை

திண்டிவனம்–நகரி பாதையை எடுத்துக்கொள்வோம். 184.45 கி.மீ. திண்டிவனத்தில் கிளம்பி வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா ரோடு, பள்ளிப்பட்டு வழியாக ஆந்திர எல்லைக்குள் நகரியைத் தொட வேண்டிய பாதை. 2006–07 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் அனுமதி கிடைத்தது. அப்போது ரயில்வே இணை அமைச்சர் ஆர். வேலு, அரக்கோணம் தொகுதியின் உறுப்பினர். ஊர்க்காரர் அமைச்சராக இருந்ததால் வந்த திட்டம் என்று அன்றைக்கே பேசினார்கள். வந்ததில் தப்பில்லை. இந்த வட்டாரத்தின் ரயில் பாதை கிழக்கு மேற்காகச் சென்னையையும் ஜோலார்பேட்டையையும் இணைப்பது. தெற்கே போக விழுப்புரம்–காட்பாடி பாதை ஒன்றுதான் துணை. ஆற்காடு, ஆரணி, செய்யாறு, வந்தவாசி ஊர்களின் வழியாக ரயிலே கிடையாது. ஆற்காட்டுக்காரர் ரயில் ஏறப் பாலாற்றைத் தாண்டி வாலாஜா ரோட்டுக்கு வர வேண்டும். ஆரணிக்குப் பெயரளவில் ஒரு ஸ்டேஷன் உண்டு, ஊருக்கு வெளியே வெகுதூரத்தில்.

பாதைக்கு அனுமதி வந்த அதே காலத்தில்தான் செய்யாறு சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலை வந்தது. ஆலை வளர்ந்தது, கிளைகள் வைத்தது. இன்று பல்லாயிரம் பேர் அங்கே வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில் புது இடத்தில் வேறு அளவில் வேரூன்றிவிட்டது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து அந்தப் பெண்களைக் கம்பெனிப் பேருந்துகள்தான் விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு வருகின்றன. தொழிலாளர் போக்குவரத்து என்ற பொதுச் செலவைத் தனியார் ஏற்றுக்கொண்டதால் அரசின் புத்தகத்தில் அது எங்கும் தெரியாது. ரயில் ஓடாமல் போன ஒவ்வொரு வருடமும் யாரோ செலவழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அந்தச் செலவுக்கு மட்டும் தலைப்பும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை.

இந்தப் பாதைக்குப் பணம் வந்த விதத்தைப் பாருங்கள். 2022–23 நிதிநிலை அறிக்கையில் தெற்கு ரயில்வேயின் புதிய பாதைகள் அத்தனைக்கும் சேர்த்து 59 கோடி ரூபாய் என்று மதுரை உறுப்பினர் சு. வெங்கடேசன் கணக்கெடுத்துச் சொன்னபோது பெரிய சலசலப்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொகைகள் திடீரென்று எகிறின. 2024 பிப்ரவரியில், தேர்தலுக்கு முந்தைய இடைக்கால அறிக்கையில், தமிழ்நாட்டின் புதிய பாதைகளுக்கு 976 கோடி. அதில் திண்டிவனம்–நகரிக்கு 350 கோடி. தேர்தல் முடிந்து ஜூலையில் முழு அறிக்கை வந்தது. 976 கோடி 301 கோடியாகியிருந்தது, 350 கோடி 153 கோடியாகியிருந்தது. ஐந்து மாத இடைவெளி. இரண்டுமே ‘ஒதுக்கீடு’தான். பிப்ரவரித் தலைப்புச் செய்தியைப் படித்து மகிழ்ந்தவர் ஜூலைக்குப் பிறகு பிங்க் புக்கைத் தேடிப் பார்த்திருக்க மாட்டார்.

குறைத்ததற்கு ரயில்வே சொல்லும் காரணம் நிலம். மாநில அரசு நிலம் எடுத்துக் கொடுத்தால்தானே வேலை நடக்கும் என்கிறார்கள். இதற்கு எடுத்துக்காட்டாக அமைச்சகம் அடிக்கடி காட்டுவது பக்கத்துப் பாதையான திண்டிவனம்–திருவண்ணாமலையை: தேவை 273 ஹெக்டேர், கையில் வந்தது 33, பாக்கி 240. மாநில அரசின் பதில்: நிலத்துக்கு உரியவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை ரயில்வே விடுவித்தால்தானே நிலம் எடுக்க முடியும்? ஆயிரம் ரூபாய் போட்ட வருடங்களில் 240 ஹெக்டேருக்கு எங்கிருந்து இழப்பீடு கொடுப்பது? 2014-இல் புதிய நிலமெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இழப்பீடும் பல மடங்கு கூடிவிட்டது. நிலத்தை எடுப்பது மாநில வருவாய்த் துறை. பணம் கொடுப்பது மத்திய அமைச்சகம். தாமதம் யாருடையது என்று பிரித்து எழுத இருவருக்கும் பொதுவான ஒரு பேரேடு இல்லை. அதனால் இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடிகிறது.

இது நம் பாதைக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூலையில் அன்றைய ரயில்வே அமைச்சர் சதானந்த கவுடா தன் உரையில் வெளிப்படையாகவே போட்டு உடைத்தார். முந்தைய 30 ஆண்டுகளில் 1,57,883 கோடி மதிப்பில் 676 திட்டங்களுக்கு அனுமதி தரப்பட்டது, முடிந்தவை 317, மிச்சத்தை முடிக்க இன்னும் 1,82,000 கோடி வேண்டும். கடைசிப் பத்து ஆண்டுகளில் அனுமதித்த புதிய பாதைகள் 99, அவற்றில் முடிந்தது ஒன்றே ஒன்று. திண்டிவனம்–நகரிக்கு அனுமதி கிடைத்ததும் அந்தப் பத்தாண்டுக்குள்தான்.

அனுமதி தருவதற்குச் செலவே இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். அறிவிப்பு, அனுமதி, ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு ஆகிய ஐந்தும் வெவ்வேறு கட்டங்கள். செய்தித்தாளில் ஐந்துக்கும் ஒரே மாதிரிதான் தலைப்பு வரும். கவுடா உரைக்கு மூன்றாண்டு கழித்து ரயில்வேக்கான தனி நிதிநிலை அறிக்கையே போய்விட்டது. 1924 முதல் நடந்த அந்த வழக்கம் 2017-இல் பொது அறிக்கையோடு கலந்தது. அந்தத் தனி நாள் பெரும்பாலும் நாடகம்தான். யார் தொகுதிக்கு எந்த ரயில் என்று கைதட்டுவதற்கான நாள். ஆனாலும் அமைச்சர் வாயால் ஊர்ப் பெயர் அவைக்குறிப்பில் ஏறியது, அடுத்த ஆண்டு அதைப் பிடித்துக்கொண்டு கேட்க முடிந்தது. இப்போது ஊர்ப் பெயரைத் தேட வேண்டுமானால் இணையதளத்தில் பிங்க் புக் ஏறும்வரை காத்திருந்து, அட்டவணையில் விரல் வைத்துத் தேட வேண்டும்.

வாலாஜாவுக்கு மூன்றே வருடம்

இதே வட்டாரத்தில் ரயில் பாதை வேகமாக வந்த காலமும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கியது வாலாஜா ரோடு வரைக்கும்தான். சுமார் 100 கி.மீ. வேலை ஆரம்பித்தது 1853-இல். மூன்று வருடம்! பாறை உடைக்கும் எந்திரமும் இல்லாத காலம்.

பெருமூச்சு விடுவதற்குமுன் அந்தக் காலத்துக் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியில் பணம் போட்ட லண்டன் முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானம் உத்தரவாதம். ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும், கட்டும் செலவு இரண்டு மடங்கானாலும், குறைவதை இந்திய வருவாயிலிருந்து, அதாவது பெரும்பாலும் குடியானவன் கட்டிய நிலவரியிலிருந்து, ஈடுகட்டிவிடுவார்கள். சிக்கனமாகக் கட்ட யாருக்கும் அவசியமில்லை. பிற்பாடு நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்ன முன்னாள் நிதி உறுப்பினர் வில்லியம் மாசியே, முதலீட்டாளருக்கு வட்டி உறுதியாகிவிட்ட பிறகு தன் பணம் செங்கல்லானாலும் ஆற்றில் போனாலும் அவருக்கு ஒன்றுதான் என்ற பொருளில் வெளுத்து வாங்கினார்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாததால் அன்று காலம் மிச்சமானது. இன்று ஒவ்வொரு ரூபாய்க்கும் கையெழுத்து, தணிக்கை, தணிக்கைக்குப் பதில், பதிலுக்கு மறுபதில். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் 1856-க்கும் 2006-க்கும் நடுவில் எங்கோ ஒரு சமநிலை இருந்திருக்க வேண்டும். நாம் அதைத் தாண்டி வந்துவிட்டோம்.

கவுன்சிலர் இல்லாத காலத்தில் கட்டிய பஸ் ஸ்டாண்ட்

எல்லாமே இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. வேலூர் புது பஸ் ஸ்டாண்ட் கட்டி முடிந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 53.13 கோடி ரூபாயில் எழுப்பிய அந்த முனையத்தை 2022 ஜூன் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்தார். இடநெருக்கடியில் திணறிய பழைய வளாகத்தோடு ஒப்பிட்டால் வெளியூர்ப் பயணிக்கு இது பெரிய ஆறுதல். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் இறங்கும் ஊர் இது. வயதானவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறவருக்கு நிழலும் நடைமேடையும் எவ்வளவு அவசியம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் நின்று பார்க்க விரும்புவது அதன் காலக்கிரமத்தை. ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வேலூர் இடம்பிடித்தது 2016 செப்டம்பரில். மத்திய அரசு ஒரு நகரத்துக்கு ஆண்டுக்குச் சராசரி 100 கோடி வீதம் ஐந்து ஆண்டு தரும். மாநிலம் அதே அளவு போட வேண்டும். இத்தனை பணம் எந்தச் சாலைக்கு, எந்தக் கால்வாய்க்கு, எந்த பஸ் ஸ்டாண்டுக்கு என்று முடிவு செய்ய மாநகராட்சி மன்றம் இருக்க வேண்டுமல்லவா? 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர் ஆட்சி. ஸ்மார்ட் சிட்டி பணத்தைச் செலவிட என்றே கம்பெனிச் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனம் வேறு, அதிகாரிகள் நிறைந்த இயக்குநர் குழுவோடு. எந்தத் தெருவை முதலில் தோண்டுவது என்பதிலிருந்து பஸ் ஸ்டாண்ட் டெண்டர் வரை, வாக்கு கேட்டு வீட்டுப்படி ஏறிய ஒருவர்கூட இல்லாமலேயே நடந்தது. வேலூரின் வரலாற்றில் போக்குவரத்துக்கும் தெருவுக்கும் இவ்வளவு பணம் வந்த காலமும், கேள்வி கேட்கக் கவுன்சிலர் இல்லாத காலமும் ஒன்றேயாக அமைந்தது தற்செயல்தான். அதன் விளைவு தற்செயல் இல்லை.

பஸ் ஸ்டாண்ட் திறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு காளிகாம்பாள் கோயில் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் சாலை போட்டார்கள். விடிந்து பார்த்தால் நிறுத்தியிருந்த மோட்டார் பைக்கின் சக்கரங்கள் கான்கிரீட்டுக்குள். ஒதுக்கி வைக்கக்கூட நேரமில்லாத அவசரம். படம் நாடெங்கும் சுற்றி வந்தது, மாநகராட்சி ஒப்பந்ததாரர்மீது நடவடிக்கை எடுத்தது. சில வாரம் கழித்துச் சத்துவாச்சாரியில் அடிபம்பு ஒன்று கால்வாய்க் கான்கிரீட்டுக்குள் பாதி புதைந்து கிடந்த படம் வந்தது. சிரிப்பாய்ச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு ஒன்று புரிந்தது: அந்த இரண்டு வேலைக்கும் எஸ்டிமேட் இருந்திருக்கும், அளவுப் புத்தகம் இருந்திருக்கும், பொறியாளர் கையெழுத்து இருந்திருக்கும். நீளம், அகலம், கனம் எல்லாம் சரியாகக்கூட இருந்திருக்கலாம். பைக் உள்ளே மாட்டிக்கொண்டதை எழுத அளவுப் புத்தகத்தில் கட்டம் இல்லை. கண்காணிப்பைச் செய்தது தெருவாசி ஒருவரின் கைபேசி.

இறங்காத விமானம், பாதியான டோல்

அப்துல்லாபுரம் விமானத்தளத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, அதுதான் அதன் கதை. பழைய ஓடுதளம். சிறு நகரங்களை விமானத்தில் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்தார்கள், புதுப்பித்தார்கள், முனையம் கட்டினார்கள். 2025 வரைக்கும் வழக்கமான பயணிகள் விமானம் ஒன்றும் அங்கே வந்து இறங்கவில்லை. நாட்டளவிலும் இதே நிலைமைதான்: மூன்றாம் சுற்றுவரை உடானில் ஒப்படைத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 அறிக்கையில் எழுதினார். தொடங்கிய 371-இல் மூன்றாண்டு சலுகைக் காலத்தை முழுதாக முடித்தவை 112. வேலூர்க்காரர் ஒருவரை வழியனுப்பக்கூட விமானம் இல்லாத இந்தத் திட்டத்துக்கு, சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறக்கிறவர் டிக்கெட்டில் சிறு தொகை கட்டிக்கொண்டிருக்கிறார்.

சாலையில் நிலைமை வேறு மாதிரி. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஆம்பூரை அறுத்துக்கொண்டு போகிறது. பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் டோல்கேட். தனியார் கட்டி, வசூலித்து, பிறகு ஒப்படைக்கும் முறையில் போட்ட சாலைக்கு நிதிநிலை அறிக்கையில் பெரிய தொகை எதுவும் தெரியாது. வரியாகப் போகாமல் கட்டணமாகப் போவதால் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வாக்கெடுப்புக்கும் வராது. லாரி உரிமையாளரும் பஸ் பயணியும் தவணை தவணையாகக் கட்டுவதற்கு ஒப்பந்தம் ஒன்றே காவல்.

இந்தச் சாலையில்தான், வாலாஜாவுக்குக் கிழக்கே, காலத்துக்கு விலை வைத்த அபூர்வ நிகழ்வும் நடந்தது. மதுரவாயல்–வாலாஜா பகுதியை ஆறுவழியாக்கும் வேலை பாதியில் நின்று, சாலை குண்டும் குழியுமாகக் கிடக்க, முழுக் கட்டணம் மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சாலையைச் சரிசெய்யும்வரை நெமிலியிலும் சென்னசமுத்திரத்திலும் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தாமதத்துக்கு யார் காரணம் என்ற வாதத்துக்குள் அந்த உத்தரவு அதிகம் போகவில்லை. வேலை முடியவில்லையா, வருமானத்தில் பாதி போகும். அவ்வளவுதான். பல பக்கத் தணிக்கை அறிக்கை செய்யாத காரியத்தை ஒரு பத்தி செய்தது.

பக்கத்திலேயே வளர்ந்துகொண்டிருக்கும் பெங்களூரு–சென்னை விரைவுச் சாலைக்கு 2022 மே 26 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார், 262 கி.மீ., 14,870 கோடி ரூபாய். முடியும் தேதி திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கர்நாடகப் பகுதி முதலில் திறந்தது, வேலூர், ராணிப்பேட்டைப் பகுதிகள் பின்தங்கின. இந்தச் சாலையும் அடங்கும் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதல் கட்டத்தைத் தணிக்கை செய்த 2023 அறிக்கை, ஒரு கிலோமீட்டருக்கு அமைச்சரவை ஒப்புக்கொண்டது 15.37 கோடி, உண்மையில் அனுமதித்தது 32.17 கோடி என்று காட்டியது. பணம் இரட்டிப்பானதைக் கண்டுபிடிக்க ஆள் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இத்தனை கான்கிரீட்டுக்கு நடுவில், பயணத்தை எண்ணிக் கணக்குப் பார்க்கும் ஒரே செலவு மாநில அரசின் விடியல் பயணம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏறுகிறவர்களுக்குப் பூஜ்ய மதிப்பு டிக்கெட் கொடுக்கிறார்கள். அதற்கான ஈட்டை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குத் தருகிறது. அதிலும் ஓட்டை உண்டு. ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போகும் வெளியூர் வண்டியில் இலவசம் கிடையாது, டவுன் பஸ் போகாத ஊர்ப் பெண்ணுக்கும் பயனில்லை. ஆனால் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது தெரியும். ரயில் பாதைக்கோ விமானத்தளத்துக்கோ அப்படியொரு எண் எந்த அறிக்கையிலும் தேவைப்படுவதில்லை.

மூன்று எம்.பி.க்கள்

மேற்பார்வைக்கு அமைப்பில்லை என்று சொல்ல முடியாது. 150 கோடிக்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களின் தாமதத்தைப் புள்ளியியல் அமைச்சகம் வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. தணிக்கையாளர் இருக்கிறார், பொதுக் கணக்குக் குழு இருக்கிறது, ரயில்வே நிலைக்குழு இருக்கிறது. கண்காணிப்புக் குழு என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்த நாளிலிருந்து குழுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதே பிரச்சினையில் மீண்டும் தீர்ப்புச் சொல்லி இன்னொரு குழு அமைக்கச் சொன்னது 2025 ஜனவரியில்.

மாவட்ட அளவில் இதற்கென்றே இருப்பது ‘திஷா’ எனும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. தலைவர் நாடாளுமன்ற உறுப்பினர், செயலர் கலெக்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். இங்கேதான் வரைபடம் குறுக்கே வருகிறது. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின, ஆனால் நாடாளுமன்றத்துக்கு வேலூர் தொகுதியிலேயே இருக்கின்றன. ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் திருவண்ணாமலைத் தொகுதியில். வேலூர் நகரத்துக்கான ரயில் நிலையமான காட்பாடி, வேலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டே அரக்கோணம் தொகுதிக்குச் சேர்ந்தது. ஒரே ரயில் பாதை, ஒரே நெடுஞ்சாலை, ஒரே தொழில். கலெக்டர் மூவர், எம்.பி. மூவர்.

2025 ஏப்ரல் 9 அன்று மத்திய அமைச்சரவை திருப்பதி–பாகாலா–காட்பாடி ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்க ஒப்புதல் கொடுத்தது. 104 கி.மீ., சுமார் 1,332 கோடி ரூபாய். இதை அறிவிப்பு என்றோ அனுமதி என்றோ எடுத்துக்கொள்ளலாம், ஒதுக்கீடு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலம் எவ்வளவு தேவை, காட்பாடி பக்கம் எத்தனை ஹெக்டேர், அதற்கான பணம் வருவாய்த் துறைக்கு எந்தத் தேதியில் வரும், தேதி தவறினால் யார் எழுத்துப்பூர்வமாகக் காரணம் சொல்வார்? இந்த நான்கையும் அடுத்த திஷா கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுவதற்கு புதுச் சட்டம் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். காட்பாடி யார் பொறுப்பு என்று மூன்று உறுப்பினர்களும் ஒருமுறை பேசி முடிவு செய்துகொண்டால் போதும்.